எழுதிக்கொள்ளாத வாக்குமூலம்

மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையில், ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கிற ஓட்டு வீடு எங்களுடையது. பௌர்ணமி வந்தால் லட்ச லட்சமாக ஜனங்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் நடந்து போவார்கள். பெரும்பாலும் வெறுங்கால்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பௌர்ணமிக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற ரோட்டை நான்தான் பெருக்கினேன். பஞ்சாயத்திலிருந்து ஆள் வருவார், இல்லை என்று சொல்லவில்லை. அவர் பெருக்கினால் பேப்பர் தட்டும் பிளாஸ்டிக் கப்பும் போகும். முள்ளும் ஆணியும் அங்கேயே கிடக்கும். நான் பெருக்கினால் ஒரு குண்டூசி இருக்காது. அன்னதானம் போடுகிற வசதி எனக்கு இல்லை. யாரிடமும் போய்க் கை நீட்டியவளும் இல்லை. இந்த ஐம்பதடி ரோட்டில் எவர் காலிலும் ரத்தம் வந்ததில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த கை இது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் ஆகிறது. ஆகட்டும்.

எனக்கு ஒரே மகன். டவுனில் ஒரு ஓட்டலில் டிபன் மாஸ்டர். விடிவதற்குள் போய் அடுப்பு மூட்டவேண்டும், அதனால் தினமும் ஐந்தரைக்கெல்லாம் சைக்கிள் எடுத்துவிடுவான். மருமகள் கீழ்பென்னாத்தூர்ப் பெண். வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். ஒரு பெண் குழந்தை, அப்போது ஒன்றாம் வகுப்பு.

அன்றைக்குப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. நான் முறமும் துடைப்பமும் எடுத்து வாசலில் வைத்திருந்தேன். மகன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“இன்னாம்மா, சாமி ரோட்டக் குளிப்பாட்டக் கெளம்பிட்டியா?”

உள்ளேயிருந்து மருமகள் சொன்னாள். “உங்கம்மாவ பஞ்சாயத்துலயே சேத்து விடுங்க. மாசம் சம்பளமாவது வரும்.”

“சம்பளம் வாங்கினா அது வேலடி. இது வேல இல்ல,” என்றேன்.

“கேட்டியா? வேல இல்லியாம். அப்போ அந்த நேரத்துல எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்திருக்கலாம்ல,” என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனான்.

நான் சொம்பு எடுக்க உள்ளே திரும்பினேன். தகர டப்பாவைத் தூக்கித் தரையில் அடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி நிற்கிற சத்தம் வரவில்லை. இன்னும் வேகமாகப் போகிற சத்தம்தான் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால், எங்கள் வாசலிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி மகன் கிடக்கிறான். சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கால் மடங்கியிருந்தது. தலையில் ரத்தம் இருந்தது, ஆனால் ரொம்ப இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். “கால்தாம்மா. ஒண்ணும் இல்ல. கால்தான்,” என்றான். ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். மருமகள் ஏறினாள். “அத்த, கொழந்த எழுந்தா பால் குடுங்க, வந்துடறோம்,” என்றாள். வந்துடறோம் என்றுதான் சொன்னாள்.

வண்டி போய்விட்டது. கூடியவர்களும் கலைந்தார்கள். ரோட்டில் நான் மட்டும் நின்றேன். நடக்கிறவர்கள் அப்போதும் ஒருவர் இருவராக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த ஒரு அம்மா பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, “கண்ணாடி, கண்ணாடி, பாத்துக் கால வைங்க,” என்று சத்தம் போட்டாள்.

அவ்வளவுதான். என் கை துடைப்பத்தை எடுத்தது.

வெள்ளைக் கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது. ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் சில்லு. நீலப் பெயிண்ட் ஒட்டின சின்னத் தகடு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு. அதில் எழுத்து இருந்தது, இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும். எழுத்து மேலே தூக்கலாக, தடவினால் விரலில் தட்டுகிற மாதிரி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அது படிக்கத் தெரியாது. முறத்தில் போட்டேன். எல்லாவற்றையும் வாரி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குப்பைக்குழியில் கொட்டினேன். ரத்தத்தின் மேல் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, சாணி கரைத்துத் தெளித்து, திரும்பவும் பெருக்கினேன். மகன் கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவில் வந்து இறங்கும்போது அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். கடைசியாக நடந்து வந்த ஒரு வயசானவர் ஓரமாக நின்று, “புண்ணியமாப் போவும் தாயே,” என்று கை கூப்பிவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. தலைக்குள்ளே ரத்தம் கட்டிவிட்டதாம்.

போலீசு மத்தியானத்துக்கு மேல் வந்தது. நான் உள்ளே பொம்பளைகள் நடுவில் தலைவிரிகோலமாகக் கிடந்தேன். சன்னல் வழியாகக் குரல் கேட்டது. “இன்னாயா இது, ஆக்சிடன்ட் ஆன இடம் மாதிரியே இல்ல? கழுவி விட்டாப்ல கீது?” என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர், “பௌர்ணமிக்கு எங்க ஊர்ல ரோடு சுத்தமாத்தான் சார் இருக்கும்,” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை.

டீக்கடைக்காரர் வெள்ளை வேன் என்றார். பூ விற்கிறவள் நீல மினி லாரி என்றாள். எதிர்க் கடையில் காமிரா இருந்தது, அது கல்லாப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எஃப்.ஐ.ஆரில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று எழுதினார்கள். மருமகள் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். அடையாளம் என்ற வார்த்தையில் என் விரல் நின்றுவிட்டது. ஏன் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாசம் போல ஆனபின், கோர்ட்டில் ஏழைகளுக்குக் காசில்லாமல் சட்டம் சொல்கிறார்கள் என்று யாரோ சொல்ல, நானும் மருமகளும் டவுனுக்குப் போனோம். சின்ன வயசு வக்கீலம்மா. கண்ணாடி போட்டிருந்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

“ரெண்டு வழி இருக்குமா. இடிச்ச வண்டி எதுன்னு தெரிஞ்சா, கோர்ட்டுல வழக்குப் போடலாம். அவர் வயசு, சம்பளம், கொழந்த, உங்க மாமியார், எல்லாத்தையும் கணக்குல எடுத்து அந்த வண்டியோட இன்சூரன்ஸ் கம்பெனி தரணும். ஜாஸ்தி கிடைக்கும். வண்டி தெரியலன்னா அந்த வழி இல்ல. இடிச்சிட்டு ஓடின கேசுக்குன்னு அரசாங்கத்துல ஒரு திட்டம் இருக்கு. உசிர் போனா ரெண்டு லட்சம். யாரா இருந்தாலும் அதேதான்.”

“யாரா இருந்தாலும்னா?” என்றாள் மருமகள்.

“கலெக்டரா இருந்தாலும், டிபன் மாஸ்டரா இருந்தாலும்.”

“பணம் கெடக்கட்டும் மேடம். வண்டி கெடைக்குமா? அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும் எனக்கு.”

வக்கீலம்மா எஃப்.ஐ.ஆரைத் திரும்பப் பார்த்தாள். “ஸ்பாட்ல ஒண்ணுமே கெடைக்கலன்னு போட்டிருக்காங்களே. ஒரு ஒடஞ்ச லைட்டுத் துண்டு கெடைச்சிருந்தாகூட, அதுல நம்பர் இருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு தெரிஞ்சிடும். அப்புறம் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பா, யாரு லைட்டு மாத்த வந்தாங்கன்னு கேட்டுருப்பாங்க. வழக்கமா அப்படித்தான் புடிக்கிறது.”

என் விரலில் அந்தத் தூக்கலான எழுத்து திரும்பவும் தட்டியது. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்லியிருக்கவேண்டும். அப்போதே, அந்த நாற்காலியிலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மருமகள் என்னைப் பார்த்து, “இன்னா அத்த, தலை சுத்துதா?” என்று முந்தானையால் விசிறினாள். விசிற விட்டேன்.

அதற்கடுத்த பௌர்ணமிக்கு நான் ரோட்டில் இறங்கவில்லை. “இன்னா அத்த, ரோடு அப்படியே கெடக்கு?” என்றாள். முட்டி வலி என்றேன். அவள் அதற்கு ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். அதையும் தடவிக்கொண்டேன்.

திட்டத்துப் பணத்துக்கு மனு போட ஒரு பேப்பர் வேண்டும். வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீசு கொடுக்கிற பேப்பர். அதை வாங்க மருமகள் எட்டு மாசம் போகவே இல்லை.

“நானே போய்ப் ‘புடிக்க முடியல’ன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கணுமா? கேட்டா அதோட வுட்டுடுவாங்க அத்த. இன்னும் தேடறாங்கன்னு நெனச்சிக்கினு இருக்கேன்,” என்பாள். தைத்துக்கொண்டிருக்கும்போது பெரிய வண்டி போனால் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள். முன் லைட்டு புதுசா பழசா என்று பார்ப்பாள். நான் அடுப்பங்கரையில் நின்று அவளைப் பார்ப்பேன்.

கடைசியில் வக்கீலம்மாவே பேசி, அந்தப் பேப்பரை வாங்க வைத்தாள். வாரிசுச் சான்றில் மனைவி, மகள், தாய் என்று மூன்று பேர் பெயரும் இருந்ததால் நானும் விசாரணைக்கு வரவேண்டும் என்றார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வரச் சொல்லித் தபால் வந்தது. ஆட்டோக்காரர் எங்களைக் கொண்டுபோய் லைசென்சு கொடுக்கிற ஆபீசில் இறக்கிவிட்டார். மைதானத்தில் பையன்கள் வண்டியில் எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் இருந்தவர், “இது வண்டி ஆர்.டி.ஓ. நீங்க கேக்குறது ரெவின்யூ ஆர்.டி.ஓ. அது வேற இடம்,” என்றார். மருமகள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். “இங்கதானே அத்த எல்லா வண்டியோட பேரும் எழுதி வெச்சிருப்பாங்க? அந்த வண்டியும் இங்கதான் எங்கியோ ஒரு பொஸ்தகத்துல இருக்கும்,” என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சரியான ஆபீசுக்குப் போனபோது பன்னிரண்டு மணி. அதிகாரி நல்ல மாதிரிதான். கிளார்க்கு எழுதிவைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். இறந்தவர் என் ஒரே மகன், சைக்கிளில் போகும்போது, இன்ன நேரம், இப்படியே வந்தது. பிறகு, “சம்பவ இடத்தில் வாகனத்தின் தடயம் எதுவும் காணப்படவில்லை,” என்று படித்துப் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“அது பொய் சார்,” என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

“தடயம் இருந்திச்சு. கண்ணாடி இருந்திச்சு, நம்பர் போட்ட துண்டு இருந்திச்சு. நான்தான் பெருக்கிக் குழியில கொட்டினேன். தண்ணி ஊத்திக் கழுவினேன். அத எழுதுங்க. என் பேர் போட்டு எழுதுங்க. எந்தத் தண்டனையா இருந்தாலும் குடுங்க.”

நான் மருமகள் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி பேனாவை மேஜையில் வைத்தார். “ஏம்மா, இத நான் எழுதினா ஃபைலு திரும்பப் போலீசுக்குப் போவும். அவங்க விசாரிச்சி எப்ப அனுப்புவாங்களோ, எனக்கே தெரியாது. இப்ப அந்தத் துண்டு கையில இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“நடந்தது அதுதானே சார்.”

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “எழுதாதீங்க சார். அவங்களுக்குப் புள்ள போனதுலருந்து புத்தி சரியில்ல. இன்னா பேசறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.”

கிளார்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “புத்தி சரியில்லன்னா கையெழுத்து செல்லாதேம்மா.”

“அதெல்லாம் செல்லும். அந்த அளவுக்கு இல்ல,” என்றாள்.

என் வாழ்நாளில் என்னை யாரும் பைத்தியம் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டேன். அன்றைக்கு அந்த ஆபீசில் இரண்டு ஆம்பிளைகள் முன்னால், பைத்தியக்காரியாக உட்கார்ந்து, தடயம் எதுவும் காணப்படவில்லை என்ற வரிக்குக் கீழே என் பெயரை எழுதினேன். என் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு கோணல்.

கிளம்பும்போது அதிகாரி மருமகளிடம் இன்னொரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார். “பின்னால வண்டி கெடைச்சி, கோர்ட்டு மூலமா நஷ்ட ஈடு வாங்கினீங்கன்னா இந்தப் பணத்தத் திருப்பித் தரணும். அதுக்கு உறுதி.”

“வண்டி கெடைக்கும்னா சார் இத வாங்கறீங்க?”

“சட்டத்துல அப்படி இருக்குமா.”

அவள் தலையாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால். செருப்பைக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் போனாள், மண்வெட்டியோடு. அந்தக் குழியை ஆடிக்கு முன்பே எருவுக்கு வாரிக் கொண்டுபோய்விட்டார்கள். நாலைந்து பேர் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு அடியில், அது பிரிந்து போயிருக்கும். அதைச் சொன்னேன். கேட்காதவள் மாதிரி வெட்டினாள். அப்புறம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் கிளறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “ஆயா, அம்மா இன்னா தேடுது?” என்று கேட்டது. பேத்தியைக் கைகால் கழுவ உள்ளே அனுப்பினேன்.

வேலிப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “இன்னாடி, பொழுது போற நேரத்துல குப்பையக் கிண்டற?” என்றாள்.

“தோடு வுழுந்துடுச்சிக்கா,” என்றாள் மருமகள். இரண்டு காதிலும் தோடு இருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஏதோ கையில் அகப்பட்டது. நீலமாக ஒரு பிளாஸ்டிக் சில்லு. முந்தானையில் துடைத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். “இதுவா? பாருங்க அத்த. இதுவா?”

“இல்லம்மா,” என்றேன். “அது நம்ம கொடம்.”

அவள் அதை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நான் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். நியாயம்தான்.

நாலு மாசம் அத்தை என்று கூப்பிடவில்லை. “சோறு போட்டாச்சு,” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். கீழ்பென்னாத்தூருக்கே போய்விடுவாள் என்று நினைத்தேன், அவள் அம்மாவும் வந்து கூப்பிட்டாள். “இந்த ரோட்ட வுட்டு நான் எங்கயும் வரல,” என்று சொல்லிவிட்டாள். என்னை விட்டு என்று சொல்லவில்லை. ரோட்டை விட்டு என்றாள்.

பணம் வந்தது. பாங்கில் அவள் கணக்கில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. அப்படியே டெபாசிட்டில் போட்டுவிட்டாள். மழைக்கு ஓடு ஒழுகுகிறது. மிஷின் மோட்டார் புகைகிறது. குழந்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று டீச்சர் சொன்னார், அதற்குக்கூட ரவிக்கை தைத்த காசில்தான் கண்ணாடி வாங்கினாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

“ஏம்மா, அந்தப் பணத்துல கொஞ்சம் எடுத்து ஓடாவது மாத்தலாமே?”

“அது நம்ம பணம் இல்ல அத்த.” நாலு மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அத்தை என்ற சொல் வந்தது. “வண்டி கெடைச்சா திருப்பித் தரணும். கையெழுத்துப் போட்டிருக்கேன். செலவு பண்ணிட்டா அப்ப எங்க போவோம்?”

வக்கீலம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். வண்டி கிடைத்துக் கோர்ட்டில் பெரிய தொகை வந்தால்தான் இதைத் திருப்பவேண்டும், அதுவரைக்கும் இது உங்கள் பணம், தாராளமாகச் செலவு செய்யலாம் என்று. பாங்கிலும் அதையேதான் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மருமகள் தலையாட்டினாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் எடுத்தாலும் வண்டி கிடைக்காது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியும். கிடைக்காதும்மா என்று சொல்ல இந்த உலகத்தில் தகுதி இல்லாதவள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான்.

பணம் வந்து இப்போது வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. நேற்றுப் பாங்குக்குப் போய் பாஸ்புக் பதிந்து கொண்டுவந்தாள். கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

“அத்த, வட்டி ஏறியிருக்கு. நாளைக்கு வண்டி கெடைச்சா, வட்டியும் சேத்துத் தரணுமா, இல்ல அசல் மட்டும் குடுத்தா போதுமா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்டாள்.

“அசல் போதும்மா,” என்றேன்.